ஊசா செத்த அதிகாரத்தில்தான் தாவீது ஆடினான்

தமிழ்க் கிறிஸ்தவர்கள் நடுவே ஓயாத சண்டை ஒன்று உண்டு. டிரம்ஸ் அடித்துக் கைதட்டிப் பாடினால் அது ஆராதனையா, கச்சேரியா? எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆட்கள் "பயபக்தியே போச்சு" என்பார்கள். பெந்தெகொஸ்தே நண்பர்களோ "உங்க கோயில்ல உயிரே இல்லையே" என்பார்கள். இரண்டு தரப்பும் சத்தத்தை வைத்துத்தான் அளக்கிறது. எனக்கு அந்த அளவுகோலே தப்பு என்று தோன்றுகிறது.

பைபிளில் இரண்டாம் சாமுவேல் 6-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். பத்துக் கட்டளைக் கற்பலகைகளை வைத்த தேவனுடைய பெட்டியை மாட்டுவண்டியில் கொண்டுவர ராஜா தாவீது 30,000 பேரைத் திரட்டுகிறான். சுரமண்டலம், தம்புரு, மேளம், கைத்தாளம் எல்லாம் முழங்குகிறது. நாகோனின் களத்துக்கிட்டே வந்ததும் மாடுகள் மிரள்கின்றன. வண்டியை நடத்திவந்த ஊசா கையை நீட்டிப் பெட்டியைப் பிடிக்கிறான், அங்கேயே சாகிறான். விழப்போனதைப் பிடித்தவனுக்கு இந்தக் கதியா என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள். தாவீதுக்கே விசனம்தான்.

ஆனால் தப்பு ஊசாவின் கைக்கு வருவதற்கு முன்பே வண்டியில் ஏறிவிட்டது. பெட்டியை, ஆராதனைப் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட லேவியரில் ஒரு பிரிவான கோகாத்தின் புத்திரர் தொடாமல் தோளில் சுமக்க வேண்டும். மற்ற லேவியருக்கு வண்டி கொடுத்த மோசே, இவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை (எண்ணாகமம் 4, 7). அதை முதலில் புதுவண்டியில் ஏற்றி அனுப்பியவர்கள், போரில் அதைப் பிடித்துப்போன எதிரிகளான பெலிஸ்தர். அவர்கள் பாவம், மோசேயின் நியாயப்பிரமாணம் தெரியாதவர்கள். தெரிந்தவர்களும் அதே மாதிரி ஒரு புதுவண்டியைப் பூட்டினார்கள்.

அப்புறம் மூன்று மாதம் பெட்டி ஓபேத்ஏதோம் என்பவன் வீட்டில் இருந்தது. அடுத்த தடவை லேவியர் தோளில் சுமந்து வந்தார்கள். பாட்டையும் ஆட்டத்தையும் குறைத்தார்களா? எக்காளம், கெம்பீர சத்தம், தாவீது முழுப் பலத்தோடு ஆட்டம். முதல் ஊர்வலத்திலும் வாத்தியம், இரண்டாவதிலும் வாத்தியம். நடுவில் தாவீதுக்கு ஒரு பயம் வந்திருந்தது. சுமக்கிற விதம் மாறியிருந்தது. ஜன்னல் வழியே பார்த்து முகம் சுளித்த அவன் மனைவி மீகாளின் கண்ணில் பட்டது ஆட்டம் மட்டும்தான்.

அதனால் சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பதை வைத்து நாங்கள் மார்தட்ட ஒன்றுமில்லை. திருவிருந்து ஆராதனையில் "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" என்று சேராபீன்கள் என்ற தூதர்கள் சொன்னதைச் சொல்கிறோம். ஏசாயா தீர்க்கதரிசி கண்ட தரிசனத்தில் அவர்கள் ஆறு செட்டைகளில் இரண்டால் முகத்தையும் இரண்டால் கால்களையும் மூடிக்கொண்டார்கள். பறக்க மீதி இரண்டுதான். அந்தச் சத்தத்தில் வாசல் நிலைகள் அசைந்தன. கேட்ட ஏசாயா "ஐயோ! அதமானேன்" என்று அலறினான். நாங்கள் அதே வரியை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டே அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, எத்தனை மூட்டை அரிசி என்று கணக்குப் போடுகிறோம். சத்தமே இல்லாத புதுவண்டி இது.

கல்யாண ஆராதனையைக் கேட்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சபையார் யாரும் சும்மா ஏறிவிடாத ஆல்டருக்குள் (பீடம் இருக்கும் இடம்) அன்றைக்கு மூன்று கேமரா. ஒருவர் பீடத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, மணமக்கள் பொருத்தனை (உறுதிமொழி) நடுவிலேயே "ஐயா, அப்படியே ஒரு நிமிஷம்" என்கிறார். போதகரான ஐயரும் அப்படியே நிற்கிறார். கேமராக்காரரைத் திட்டிப் புண்ணியமில்லை. காசு கொடுத்துக் கூட்டிவந்தது நாம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிற ஊர்களிலும் இதுதான் நடக்கிறது. எரிகிற முட்செடியின் முன்னால் மோசே செய்ததில் அந்த ஒன்று மட்டும் நம்மிடம் மிச்சம் போல. அவன் முகத்தையும் மூடிக்கொண்டான்.

நான் டிரம்ஸைத் தூக்கி வெளியே போடச் சொல்லவில்லை, பைப் ஆர்கனுக்குக் கோயில் கட்டவும் சொல்லவில்லை. சபையை நிர்வகிக்கிற பாஸ்டரேட் கமிட்டி இந்தக் கல்யாண சீசனுக்கு ஒரே ஒரு தீர்மானம் போட்டால் போதும்: கேமரா ஆல்டர் கம்பிக்கு வெளியே நிற்கட்டும், ஆராதனையை யாரும் நிறுத்தச் சொல்லக்கூடாது. ஆல்பத்தில் நாலு படம் குறையும். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் அதிசயமாக ஒரே விஷயத்துக்குக் கோபப்படுவார்கள். படட்டும்.