பாட்டியைச் சொன்னீர்கள், டீச்சரையும் சொல்லுங்கள்

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணப் புல்வெளியில் ஓரறைப் பள்ளி ஆசிரியையாக இருந்து, பிற்காலத்தில் பேரப்பிள்ளைகளே உலகம் என்று வாழ்ந்த தன் பாட்டியைப் பற்றி பேத்தி எழுதிய கட்டுரை மனதைத் தொட்டது. ஆனால் பாட்டி பின்னிக் கொடுத்த கையுறைகளுக்குக் கிடைத்த இடத்தில் பாதிகூட அவருடைய வகுப்பறைக்குக் கிடைக்கவில்லை.

ஒன்று முதல் எட்டு வரை எல்லா வகுப்பும் ஒரே அறையில். ஆசிரியர் பயிற்சிப் பள்ளி முடித்த கையோடு, இருபது வயதுகூட ஆகாத பெண்கள் பலர் அங்கே தனியாக வந்து இறங்கினார்கள். குளிர்காலத்தில் அடுப்பின் மேல் தண்ணீர்ச் சட்டி வைத்து, பிள்ளைகள் கொண்டுவந்த சூப் ஜாடிகளை அதில் நிறுத்திச் சூடாக்குவார்கள். சரி, கேள்வித்தாளுக்கு நகல் எடுப்பது எப்படி? ஜெலட்டினும் கிளிசரினும் காய்ச்சித் தட்டில் உறையவைப்பார்கள். ஊதா மையில் எழுதிய தாளை அதன்மேல் ஒற்றினால் எழுத்து ஜெல்லியில் இறங்கிவிடும். அப்புறம் வெற்றுத் தாள்களை ஒவ்வொன்றாக அழுத்தி எடுக்க வேண்டியதுதான். பாடம் நடத்துவதற்கு முன்பே இவ்வளவு வேலை!

1930களின் வறட்சியில் சம்பளமும் சரிந்தது. ரொக்கம் இல்லாமல் கடன் சீட்டு எழுதிக் கொடுத்த ஊர்களும் உண்டு. கல்யாணம் ஆனால் வேலையை விட வேண்டும் என்ற நெருக்கடி வேறு. 1944 சட்டத்தின்படி சிறு பள்ளி வட்டாரங்கள் இணைக்கப்பட்டதும், இந்தப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

பாட்டியின் வருகைப் பதிவேடு, கடிதங்கள், வகுப்புப் படங்கள் ஏதாவது வீட்டில் இருந்தால், தயவுசெய்து மாகாண ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள். அடுத்த கட்டுரையில் அந்த வகுப்பறையைப் பற்றியும் எழுதுங்கள்.