எட்டலான் அலையைக் கவனியுங்கள்

லேசர் ஒளி உறிஞ்சப்படுவதை வைத்து மீத்தேனை அளக்கும் கருவியில் அடிக்கோடு (வாயு இல்லாதபோது வரும் சமிக்ஞை) நகர்ந்தால், செல்லுக்குள் (வாயுவை அடைக்கும் கலம்) நைட்ரஜன் விட்டுப் பூஜ்ஜியம் வைத்தால் போதும் என்கிறது ஒரு கட்டுரை. அடுத்த வெப்பநிலை மாற்றம் வரைதான் அது தாங்கும். பெரும்பாலும் குற்றவாளி லேசர் அல்ல, எட்டலான் அலைகள்: இணையான பரப்புகளுக்கு நடுவே ஒளி எதிரொளித்துக் குறுக்கிடுவதால் அடிக்கோட்டில் வரும் ஏற்ற இறக்கம். இணையான இரு பரப்புகளுக்கு நடுவே 5 செ.மீ. காற்று இருந்தால் லேசர் அதிர்வெண்ணில் 3 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஒருமுறை அலை வரும். வளிமண்டல அழுத்தத்தில் மீத்தேனின் உறிஞ்சல் கோட்டின் அகலமும் அதை ஒட்டியதுதான். மென்பொருளால் பிரித்தறிவது கஷ்டம். ஆப்பு வடிவச் சன்னலைச் சாய்த்துப் பொருத்துங்கள், ஃபைபர் முனை ஏபிசியாக (ஒளி திரும்பி வராதபடி சாய்வாக மெருகேற்றிய முனை) இருக்கட்டும். சந்தேகமிருந்தால் சன்னல் பிடிப்பானை விரலால் லேசாக அழுத்துங்கள். 2எஃப் சமிக்ஞையின் (லேசரைப் பண்பேற்றும், அதாவது முன்பின் அசைக்கும், அதிர்வெண்ணின் இருமடங்கில் எடுப்பது) அடிக்கோடு நெளிந்தால் அதுதான் இடம்.

இன்னொன்று: பண்பேற்ற வீச்சை (லேசர் அதிர்வெண்ணை அசைக்கும் அளவை) உறிஞ்சல் கோட்டின் அரை அகலத்தைப்போல் 2.2 மடங்கில் வைத்தபின் செல்லின் அழுத்தம் மாறினால், கோட்டின் அகலமும் மாறி அளவுத்திருத்தம் போச்சு. அழுத்தமானி இல்லாத செல் காட்டும் அளவை நான் நம்பமாட்டேன்.