பெரியப்பா வீட்டு ஃப்ரிட்ஜில் மரபணு மாற்றம்

மேற்கு மாம்பலத்தில் இருக்கும் எங்கள் பெரியப்பா போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு போட்டார்: மரபணு மாற்றிய எதுவும் நம் வீட்டு வாசப்படி ஏறக் கூடாதாம். இருபது வருஷமாக இன்சுலின் போட்டுக்கொள்கிற மனிதர். ஃப்ரிட்ஜ் கதவில், மல்லிகைப்பூப் பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே அந்த மருந்து இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் வம்பிழுத்தேன். "தாத்தா போட்டுக்கொண்ட இன்சுலின் எதிலிருந்து வந்தது, தெரியுமா?" மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து. சுத்த சைவக் குடும்பம்! பெரியம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அந்தக் கசாப்புக்கடை வழியை மாற்றியதே மரபணுப் பொறியியல்தான். 1978இல் அமெரிக்காவில் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஆய்வுக்கூடத்திலேயே கோத்து, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். இன்சுலின் ஒரு புரதம்; அமினோ அமிலங்களைக் கோத்த இரண்டு சங்கிலிகள். ஒன்றில் 21 அமினோ அமிலம், இன்னொன்றில் 30. இரண்டையும் பாக்டீரியாவில் தனித்தனியாக விளைவித்து, பிறகு இணைத்தார்கள். 1982இல் அது மருந்தாகவே விற்பனைக்கு அனுமதி பெற்றது. நம் பெங்களூரு பயோகான் நிறுவனம் 2004இல், மரபணு மாற்றிய ஈஸ்ட் என்ற நுண்ணுயிரியிலிருந்து எடுத்த இன்சுலினைக் கொண்டுவந்தது. அவ்வளவு ஏன், பெரியப்பாவின் பேரனுக்குப் பிறந்த அன்றே போட்ட ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் ஈஸ்ட் தந்ததுதான்.

ஆனால் அவரை முட்டாளாக்க நான் இதை எழுதவில்லை. 2010இல் மரபணு மாற்றிய பிடி கத்தரிக்காயை மத்திய அரசு நிறுத்திவைத்தபோது எழுந்த கேள்விகள் நியாயமானவை. வயலில் விதைத்தால் மகரந்தம் பக்கத்து வயலுக்கும் போகும். மருந்துக் கதை வேறு. கிருமி மூடிய எஃகுத் தொட்டிக்குள் வளர்கிறது. அது செய்த புரதத்தை மட்டும் பிரித்துச் சுத்தம் செய்து எடுக்கிறார்கள். ஊசியில் இறங்குவது அந்தப் புரதம், கிருமி அல்ல. இரண்டையும் ஒரே வார்த்தையில் கட்டி மிரட்டுவதுதான் எனக்கு எரிச்சல். மிரள வேண்டுமென்றால் மாசக் கடைசியில் மருந்துக்கடை பில்லைப் பார்த்து மிரளலாம். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923இல் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள் என்பதையும் சொன்னேன். அதற்கு மட்டும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்புறம் இன்சுலின் பேனாவை எடுத்து டிக் டிக்கென்று திருகி, சட்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டார். "சரிடா, ஈஸ்ட்டு இருந்துட்டுப் போகட்டும். கத்தரிக்காயை மட்டும் நான் விட மாட்டேன்."