ஜேஸ்டோரில் இல்லை என்றால் ஆய்வே இல்லையா?

ஒரு நாவலைப் பற்றி ஜேஸ்டோரில் (JSTOR, ஆய்விதழ்களின் இணையக் காப்பகம்) சமீபத்திய கட்டுரை எதுவும் வரவில்லை என்றால், அதைப் பற்றி யாரும் புதிதாக எழுதவில்லை என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். பலரும் அதை ஆமோதித்திருக்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியல்ல.

1995இல் தொடங்கிய ஜேஸ்டோரின் அடிப்படை வேலையே பழைய இதழ்களைச் சேமித்து வைப்பதுதான். பல இதழ்களுக்கு, வெளியாவதற்கும் ஜேஸ்டோரில் சேர்வதற்கும் இடையே ‘மூவிங் வால்’ என்றொரு இடைவெளி உண்டு. பெரும்பாலும் 3 முதல் 5 ஆண்டுகள். அதற்குள் வெளியான கட்டுரைகள் அச்சில் இருக்கும், அங்கே இருக்காது. (சில இதழ்களின் புதிய வெளியீடுகளும் கிடைக்கும், அது வேறு.)

நீங்களே பார்க்கலாம். ஜேஸ்டோரில் இந்த இடைவெளி உள்ள ஏதாவது ஓர் இலக்கிய இதழின் பக்கத்தைத் திறந்து, கடைசியாக உள்ள ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே இதழின் பதிப்பாளர் தளத்தில் சமீபத்திய வெளியீட்டைப் பாருங்கள். இடையில் விடுபட்ட ஆண்டுகள் பளிச்சென்று தெரியும்.

அந்த ஆண்டுகளின் கட்டுரைகளைத் தேட ‘எம்எல்ஏ இன்டர்நேஷனல் பிப்ளியோகிராஃபி’ (மொழி, இலக்கிய ஆய்வுகளைப் பட்டியலிடும் தரவுத்தளம்) உதவும். உங்கள் நூலகத்தில் அது இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். ‘இதுவரை யாரும் ஆராயவில்லை’ என்று ஆய்வேட்டில் எழுதும் முன் தயவுசெய்து இதைச் செய்துவிடுங்கள்.