திங்கட்கிழமைக் காலைக் காட்சி

போன மாதம் ஒரு ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு அக்கா பையன் ஃபோனை நீட்டினான். "மாமா, படம் அவுட், ஓடாது. மூணு நாள் கலெக்‌ஷன் வந்துடுச்சு பாரு." வெள்ளிக்கிழமை வந்த சின்னப் படம்.

தர்மபுரியில் ஒரு தியேட்டரில் ஒன்பது வருடமாகக் கேன்டீன் நடத்துகிறேன். அன்று மாலைக் காட்சி இடைவேளையில் பாப்கார்ன் வாங்க வந்த ஒரு பெண், "அண்ணா, நாளைக்கும் இந்தப் படம்தானே ஓடும்? மாமியாரைக் கூட்டிட்டு வரணும்" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். எனக்கு அந்தக் கேள்விதான் ரிசல்ட்.

'எதிர்பார்ப்பை மீறி ஓடுகிறது' என்று எழுதுகிறார்களே, அந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது? விலையிலிருந்து. 1965-ல் சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது, 2004-ல் எங்களிடமிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. சினிமா வியாபாரத்தில் மட்டும் நாமக்கல்லையும் சேர்த்து எல்லாரும் இன்றைக்கும் சேலம் ஏரியாதான். அந்த ஏரியாவுக்குப் பெரிய ஹீரோ படத்தை எம்.ஜி. கட்டி, அதாவது படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் திரும்பாத தொகையை முன்கூட்டியே கொடுத்து எடுக்கிறவர் முதல் வாரத்திலேயே பணத்தை எடுத்தாக வேண்டும். அதனால் எல்லா ஸ்கிரீனிலும் அதே படம். வருகிற கூட்டமெல்லாம் மூன்று நாளில் வந்து தீர்ந்துவிடுகிறது. சின்னப் படம், வசூலில் ஒரு பங்கு மட்டும் எடுத்துக்கொள்ளும் கமிஷனில், இரண்டு காட்சியோடு வருகிறது. அதன்மேல் யாரும் பெரிய பணம் கட்டவில்லை, அதனால் யாரும் எதையும் எதிர்பார்க்கவும் இல்லை. கோடிக்கணக்கில் வசூலித்த பெரிய படம் நஷ்டமாவதும், அதில் கால்பங்கு வசூலித்த படம் ஹிட் ஆவதும் இப்படித்தான்.

2025 மே 1 அன்று சூர்யாவின் 'ரெட்ரோ' வந்த அதே நாளில் 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் வந்தது. இலங்கையிலிருந்து வந்த ஒரு குடும்பம் சென்னையில் ஒரு தெருவில் குடியேறும் கதை. பாட்டியையும் பேத்தியையும் இரண்டு பக்கமும் உட்கார வைத்துக்கொண்டு கூச்சமில்லாமல் பார்க்கலாம். பள்ளிக்கூட லீவு, கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் இறங்கும் நேரம், கையில் காசு புழங்கும் மாதம். நாள் போகப் போகக் கூட்டம் ஏறியது.

'லப்பர் பந்து' 2024 செப்டம்பர் 20-ல் வந்தது. ஊருக்கு ஊர் கிரிக்கெட் டோர்னமென்ட் நடக்கிற ஜில்லா எங்களுடையது. முதல் நாள் பையன்கள்தான் வந்தார்கள். இரண்டாவது வாரம் அதே பையன்கள் பெண்டாட்டியோடு வந்தார்கள், ஏனென்றால் கிரிக்கெட்டுக்குச் சமமாக மாமனார் மருமகன் தகராறும் அந்தப் படத்தில் இருக்கிறது. விஜயகாந்த் இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர் பாட்டு ஒலித்தபோது பால்கனியில் எழுந்த சத்தம் வாசலில் இருந்த எனக்குக் கேட்டது. இதையெல்லாம், நெட்டில் வசூல் கணக்குப் போடும் எந்த டிராக்கர் முன்கூட்டியே சொல்ல முடியும்?

'மதகஜராஜா' 2012-ல் எடுத்த படம். 'விடாமுயற்சி' பொங்கலிலிருந்து தள்ளிப்போனதால் 2025 ஜனவரி 12-ல் அதற்கு இடம் கிடைத்தது. பண்டிகைக்குக் குடும்பத்தோடு சிரிக்க வந்த ஜனம் அதை ஓட வைத்தது.

எனக்குப் பெரிய வருத்தம் தீர்ப்பு எழுதும் வேகத்தில்தான். 2023-ல் விடியற்காலைக் காட்சிகளை நிறுத்திய பிறகு, நம் பக்கம் பெரிய படத்துக்கு ஒன்பது மணிக்குத்தான் முதல் காட்சி. ஓசூர்ப் பையன்கள் பைக்கில் அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூரில் பார்த்துவிடுகிறார்கள். இங்கே திரை விலகும் முன்னாலேயே வாட்ஸ்அப்பில் விமர்சனம் வந்துவிடுகிறது. சின்னப் படத்துக்கு ஞாயிறு இரவு வரை தவணை.

எங்கள் ஊரில் திங்கள், செவ்வாய்க் காலைக் காட்சிக்கு வருவது பெண்கள். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. இண்டூர், நல்லம்பள்ளிப் பக்கமிருந்து நாலைந்து பேராகச் சேர்ந்து வந்து, படம் பார்த்து, மாடு கறக்கும் நேரத்துக்குள் வீடு சேர்கிறார்கள். டிக்கெட் கவுண்டரில்தான் எடுப்பார்கள். ஆப்பில் காலி சீட்டை எண்ணி 'ஈ ஓட்டுகிறது' என்று பதிவு போடுகிறவர்களின் கண்ணில் இவர்கள் படவே மாட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு வந்து சொன்னால்தான் இவர்கள் கிளம்புவார்கள். அந்தப் பேச்சு ஊர் சுற்றி வர நாலைந்து நாள் ஆகும்.

அந்தச் சின்னப் படத்துக்கும் அப்படித்தான் நடந்தது. திங்கட்கிழமை அந்தப் பெண் மாமியாரோடு வந்தார், கூடவே தெருக்காரர்கள் இரண்டு பேர். செவ்வாய்க்கிழமை இன்னும் கொஞ்சம். புதன்கிழமை பாப்கார்ன் சோளம் தீர்ந்து நான் கடைக்கு ஆள் அனுப்பினேன். வியாழன் இரவு போஸ்டரைக் கிழித்துவிட்டார்கள். மறுநாள் வரும் பெரிய படத்துக்கு நாலு காட்சியும் வேண்டுமாம்.

ஒரு காலைக் காட்சியை விட்டிருக்கலாம். நாலில் ஒன்று, அதுவும் கூட்டம் ஏறிக்கொண்டிருந்த படத்துக்கு. பெரிய படத்தின் பதினோரு மணிக் காட்சி அந்த வாரமே பாதி காலியாக ஓடியது. தியேட்டர்காரர்களும் விநியோகஸ்தர்களும் இதை எழுத்திலேயே பேசி முடிக்க வேண்டும்: ஐந்தாவது நாள் கூட்டம் முதல் நாளைவிட அதிகமென்றால் அடுத்த வாரமும் ஒரு காட்சி உண்டு என்று.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு டவுன் பஸ்ஸிலிருந்து ஆறு பெண்கள் இறங்கி வந்தார்கள். கவுண்டரில் படத்தைத் தூக்கிவிட்டோம் என்றார்கள். திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது, என் கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீ கொடுத்தேன். அவர்களில் மூத்தவர், "நீ பாத்திருப்பியே சாமி, கதையாவது சொல்லு" என்றார்.

இடைவேளை வரைக்கும் சொன்னேன். பஸ் வந்துவிட்டது.