டோட் லேன் கடையும் ராச்டேல் சந்தையும்

வணிகவியல் படித்தவர்களில் பலர் ‘ராச்டேல் முன்னோடிகள்’ என்ற பெயரை மனப்பாடம் செய்திருப்பார்கள். 1844, இங்கிலாந்து, 28 பேர், நுகர்வோர் கூட்டுறவு. இரண்டு மதிப்பெண் விடை. அந்த ஊர் எப்படிப்பட்டது, அந்த 28 பேரை எந்தத் துன்பம் ஒன்றுசேர்த்தது, அவர்களுக்கு முன்னால் முயன்றவர்கள் ஏன் தோற்றார்கள் என்று எவரும் கேட்பதில்லை. கூட்டுறவு என்றாலே நல்ல மனம் படைத்த சிலர் கூடிச் செய்த தருமம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ராச்டேலின் வரலாற்றைப் படிக்கப் படிக்க இந்த எண்ணத்தின்மீது எனக்குக் கோபமே வருகிறது. அந்த மனிதர்கள் தருமவான்கள் ஆகும் நிலையில் இல்லை. கறாரான கணக்கு ஒன்றைக் கண்டுபிடித்து, அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

முதலில் ஊர். இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்தில், மான்செஸ்டருக்கு வடகிழக்கே, பென்னைன் மலைகளின் அடிவாரத்தில், ரோச் ஆற்றங்கரையில் இருக்கிறது ராச்டேல். இங்கிலாந்து மன்னர் எடுக்கச் செய்த நிலக் கணக்கெடுப்பான 1086இன் டூம்ஸ்டே பதிவேட்டிலேயே இடம்பெற்ற ஊர். 1251இல் மூன்றாம் ஹென்றி மன்னர், எட்மண்ட் டி லேசி என்ற பிரபுவுக்கு அங்கே வாரச் சந்தையும் ஆண்டுச் சந்தையும் நடத்திக்கொள்ள உரிமை வழங்கினார். அந்த உரிமைப்படி புதன்கிழமை சந்தை நாளாக இருந்தது. சுற்றியிருக்கும் மேட்டு நிலம் உழவுக்கு ஆகாது, ஆடு மேய்க்கத்தான் ஆகும். மலையிலிருந்து இறங்கும் ஓடைத் தண்ணீர் கம்பளி அலசத் தோதானது. ஆகவே வீட்டுக்கு வீடு தறி ஏறியது. ராச்டேல் ஃபிளானல் என்ற மென்மையான கம்பளித் துணிக்கு ஊர் தாண்டியும் பெயர் இருந்தது. பண்ணை உரிமை பல தலைமுறைகள் பைரன் குடும்பத்திடம் இருந்தது. கவிஞர் பைரன் பிரபுவின் பட்டமே ‘ராச்டேலின் பைரன்’ என்பதுதான். அவர் 1823இல் அந்த உரிமையை விற்றுவிட்டார். 1804இல் மலையைக் கடந்து போகும் ராச்டேல் கால்வாய் முழுமையாகத் திறக்கப்பட்டது. நிலக்கரியும் பஞ்சும் படகில் வந்தன, ஆலைகளும் பின்னாலேயே வந்தன.

விசைத்தறி கைத்தறியை எப்படி அழித்தது என்பது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. லங்காஷயர் மில் துணி நம் நெசவாளர்களின் வயிற்றில் அடித்த கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். அதே விசைத்தறி லங்காஷயர் கைத்தறி நெசவாளரையும் தெருவில் நிறுத்தியது என்பதை மட்டும் நாம் சேர்த்துச் சொல்வதில்லை. 1840களில் ராச்டேல் நெசவாளரின் கூலி கைக்கும் வாய்க்கும் எட்டாத நிலைக்கு இறங்கியிருந்தது. 1844இல் ஃபிளானல் நெசவாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடித் தோற்றார்கள்.

கூலி குறைந்தது ஒரு துன்பம். அந்தக் கூலியைக் கொண்டு கடைக்குப் போனால் நடந்தது இன்னொரு துன்பம். மாவில் சுண்ணாம்புப் பொடி கலப்பார்கள். ஒருமுறை கொதிக்கவைத்த தேயிலையைக் காயவைத்துச் சாயமேற்றி மறுபடி விற்பார்கள். எடையிலும் கைவைப்பார்கள். ஏன் என்று கேட்க முடியாது, ஏனென்றால் கடைக்காரரிடம் கடன் இருக்கும். கடன் இருக்கும்வரை வேறு கடைக்குப் போக முடியாது. மளிகைக் கடைக் கடன் நோட்டைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இந்த அவமானம் புரியும்.

இப்போது பாடப்புத்தகம் விட்டுவிடும் பகுதிக்கு வருகிறேன். 28 பேர் முதல் ஆட்கள் அல்ல. அவர்கள் பின்னாளில் கடை வைத்த டோட் லேன் என்ற தெருவிலேயே, 1833இல், 15ஆம் எண் வீட்டில், தொழிலாளர்கள் ஒரு கூட்டுறவுக் கடை திறந்திருந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் மூடிவிட்டார்கள். காரணம், உறுப்பினர்களுக்குக் கடன் கொடுத்தார்கள். கொடுத்தவரும் ஏழை, வாங்கியவரும் ஏழை. திருப்பிக் கேட்க மனம் வரவில்லை, திருப்பித் தரக் கையில் காசும் இல்லை. பரிவினாலேயே அந்தக் கடை செத்தது.

அந்தத் தோல்வியை நேரில் அறிந்தவர்கள் 1844இல் மறுபடியும் கூடியபோது, கடன் கிடையாது என்று விதி எழுதினார்கள். வாங்குபவர் எவராக இருந்தாலும் ரொக்கம். இந்த ஒரு விதிக்காகவே அவர்களை நான் வணங்குவேன். பசியோடு இருக்கும் அண்டை வீட்டாரிடம், உன் நன்மைக்காகத்தான் கடன் தரமாட்டேன் என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

அவர்கள் எல்லோரும் நெசவாளர்களும் அல்லர். செருப்புத் தைப்பவர், தச்சர், கம்பளி தரம் பிரிப்பவர் என்று பல தொழிலினர் இருந்தார்கள். கூட்டுறவு வாழ்க்கையை வலியுறுத்திய சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவனின் சமூகக் கருத்துகளில் ஊறியவர்களும், எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்டுகளும் அவர்களில் இருந்தார்கள். சார்லஸ் ஹோவர்த், ஜேம்ஸ் ஸ்மிதீஸ், வில்லியம் கூப்பர், சாமுவேல் ஆஷ்வொர்த் ஆகிய பெயர்களையாவது நாம் நினைவில் வைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பவுன் பங்கு (பவுன் என்பது இங்கே இங்கிலாந்துப் பணம்; அன்று ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்). அதையும் மொத்தமாகக் கட்ட வழியில்லாமல் வாரத்துக்கு 2 பென்ஸ், 3 பென்ஸ் என்று வீடு வீடாகப் போய்ச் சேர்த்தார்கள். டோட் லேன் 31ஆம் எண் கிடங்கின் தரைத்தளத்தை ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்குப் பிடித்தார்கள்.

1844 டிசம்பர் 21, சனிக்கிழமை மாலை. ஆண்டிலேயே நீண்ட இரவு. உள்ளே இருந்த சரக்கு இவ்வளவுதான்: 28 பவுண்டு வெண்ணெய், 56 பவுண்டு சர்க்கரை, 6 ஹண்ட்ரட்வெயிட் (சுமார் 300 கிலோ) மாவு, ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவத்தி. மொத்த மதிப்பு 16 பவுன் 11 ஷில்லிங் 11 பென்ஸ். கதவைத் திறந்தபோது தெருப் பையன்கள் கூடி நின்று ‘கிழட்டு நெசவாளர் கடை’ என்று கேலி செய்தார்களாம். தொடக்கத்தில் திங்கள், சனி இரண்டு மாலைகளில் மட்டுமே கடை நடந்தது, பகலில் எல்லோருக்கும் வேலை இருந்ததே!

அந்தக் கடையின் உயிர் லாபப் பங்கீட்டில் இருந்தது. பொருளைச் சந்தை விலைக்கே விற்றார்கள். மலிவாக விற்று மற்ற கடைக்காரர்களோடு விலைப் போரில் இறங்கவில்லை. காலாண்டுக்கு ஒருமுறை கணக்கு முடித்து, முதலுக்கு வரம்புக்குட்பட்ட வட்டி கொடுத்துவிட்டு, மிச்ச லாபத்தை யார் எவ்வளவுக்கு வாங்கினார்களோ அந்த அளவுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பிற்காலத்தில் இது பவுனுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ் அளவுக்கு வந்தது. வாரம் 10 ஷில்லிங்குக்கு வாங்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 13 வாரத்தில் 6 பவுன் 10 ஷில்லிங் ஆகிறது. திரும்பி வருவது 16 ஷில்லிங் 3 பென்ஸ். ஒன்றரை வார மளிகைச் செலவு கையில்! அதுவரை சேமிப்பு என்பதையே அறியாத குடும்பத்துக்கு, சாப்பிடச் சாப்பிடச் சேமிப்பு வளர்ந்தது. நிறைய வாங்கும் வீட்டுக்குப் பங்கீடு கூடும். ஆனால் கூட்டத்தில் எவருக்கும் ஒரே ஒரு வாக்குதான்.

நாட்டின் தேர்தலில் அவர்களைப் போன்ற தொழிலாளர்களுக்கு வாக்கு கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள். பெண்களுக்கு அறவே கிடையாது. ஆனால் 1846இலேயே எலைசா பிரையர்லி என்ற பெண் இந்தக் கடையை நடத்திய சங்கத்தில் உறுப்பினரானார். மணமான பெண் தன் சம்பாத்தியத்தைத் தன் பெயரில் வைத்துக்கொள்ள 1870 வரை நாட்டின் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பின்னாளில் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கு ஒதுக்கி, நூலகமும் வாசிப்பறையும் நடத்தினார்கள்.

1848இல் 140 உறுப்பினர். 1849இல் 390. இடையில் என்ன நடந்தது? ராச்டேல் சேமிப்பு வங்கி மோசடியால் சரிந்தது. கோட்டுப் போட்டவர்கள் நடத்திய வங்கியைவிட நெசவாளர்களின் கடையே பத்திரம் என்று ஊர் கண்டுகொண்டது. 1860இல் 3,450 பேர்.

புகழ்ச்சியோடு நிறுத்திவிடுவது நேர்மை ஆகாது. 1854இல் இதே ஆட்கள் கூட்டுறவு நெசவாலை ஒன்றைத் தொடங்கினார்கள். முதல் போட்டவருக்கு மட்டுமன்றி ஆலையில் உழைப்பவருக்கும் லாபத்தில் பங்கு என்பது கொள்கை. ஆலை நன்றாக ஓடியது. அதனாலேயே, லாபத்தை மட்டும் பார்த்துப் பங்கு வாங்கிய பலர் உள்ளே வந்தார்கள். 1862இல் அவர்கள் வாக்களித்து, உழைப்பவருக்கான பங்கை ஒழித்துவிட்டார்கள். சூழ்ச்சி எதுவும் இல்லை, எல்லாம் விதிப்படியே நடந்தது. கூட்டுறவின் வரலாற்றில் இதைவிட முக்கியமான பாடம் இல்லை என்று நினைக்கிறேன். கடையில் வாங்குபவரும் உறுப்பினரும் ஒருவரே, அதனால் அது நின்றது. ஆலையில் உழைப்பவர் வேறு, முதலாளி வேறு என்று ஆனது, அதனால் அது போனது.

அந்த ஆண்டுகளில்தான் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து நின்று லங்காஷயர் பட்டினி கிடந்தது. இந்தியாவிலிருந்து போன சூரத் பருத்தியின் இழை குட்டை, தறியில் அறுந்துகொண்டே இருக்கும். வேலை இழந்தவர்களைக் கொண்டு ராச்டேலுக்கு மேலே ரூலி மூர் மேட்டில் கல் பாவிய சாலை போட்டார்கள். பஞ்சுப் பஞ்சச் சாலை என்ற பெயரில் இன்றும் அது இருக்கிறது.

இதே ஊரில் 1811இல் பிறந்தவர் ஜான் பிரைட். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர், ஆலை முதலாளி, நாடாளுமன்றப் பேச்சாளர். 1858இல் இந்திய ஆட்சி பற்றிய விவாதத்தில், இங்கிலாந்து எத்தனை காலம்தான் இந்தியாவை ஆண்டுகொண்டிருக்க முடியும் என்று கேட்டவர். கல்கத்தாவிலிருந்து எல்லாவற்றையும் ஆள்வதை விட்டுவிட்டு, சென்னை உட்பட ஐந்து மாகாணங்களுக்குத் தனித்தனி அரசு வேண்டும் என்றார். அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஆலைத் தொழிலாளரின் வேலை நேரத்தைச் சட்டம் போட்டுக் குறைப்பதை எதிர்த்தவரும் அவர்தான். தொலைவில் இருப்பவரின் உரிமை தெரிந்த கண்ணுக்குத் தன் ஆலைவாசலில் நிற்பவரின் களைப்பு தெரியவில்லை.

சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் போய் நிற்பது 1871இல் திறந்த நகர மண்டபத்தின் முன்னால். அழகான கட்டடம்தான், மறுக்கவில்லை. 1883இல் அதன் கோபுரம் எரிந்து, புதிய கோபுரம் கட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு டோட் லேனுக்கும் நடந்து போங்கள். 31ஆம் எண் இப்போது அருங்காட்சியகம். ஆலைகள் கடைசி மூச்சு விட்ட காலத்தில் இரவு ஷிஃப்டுக்கு வந்த பாகிஸ்தானியரும் வங்காளிகளும் இன்று அந்த ஊரின் மக்கள். ராச்டேலின் அடுத்த வரலாறு அவர்களையும் சேர்த்தே எழுதப்பட வேண்டும்.

நமக்கும் இந்தக் கடைக்கும் உறவு உண்டு. 1904இன் இந்தியக் கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே வழி செய்தது. அதே ஆண்டில் சென்னையில், ராச்டேலை முன்மாதிரியாகக் கொண்டு, திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் பண்டகசாலையாகத் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. ஆனால் அங்கே வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் தங்களை அந்தச் சங்கத்தின் சொந்தக்காரர் என்று நினைக்கிறார்கள்? தேர்தலே இல்லாமல் தனி அலுவலர்களின் கையில் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் இருந்த காலங்களை நாம் பார்த்திருக்கிறோம். அரிசி வந்தால் போதும் என்று இருந்துவிட்டோம்.

உங்களில் யாருடைய தாத்தா பாட்டியாவது திருவல்லிக்கேணிச் சங்கத்திலோ வேறு பழைய கூட்டுறவுப் பண்டகசாலையிலோ உறுப்பினராக இருந்திருந்தால், பங்குப் பத்திரமோ உறுப்பினர் அட்டையோ வீட்டில் கிடந்தால், படம் எடுத்துக் கீழே போடுங்கள். பொதுக்குழுவுக்குப் போவார்களா, பங்கீடு எவ்வளவு வந்தது, எதற்காகச் சண்டை போட்டார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.