தேக்காவுல புதுக் கட்டடமா? முதல்ல கீழ்த்தளத்தக் காட்டுங்க

வாட்ஸ்அப்ல ஒரு படம் சுத்திக்கிட்டிருக்கு. சிங்கப்பூர் தேக்காவுல, சிராங்கூன் ரோட்டுப் பக்கம் வரப்போற கமர்ஷியல் கட்டடமாம். கண்ணாடி முகப்பு, அதுமேல மாங்கா டிசைன் வெட்டுன அலுமினியத் தட்டி, ராத்திரி வெளிச்சத்துல தகதகன்னு நிக்குது, கீழ புடவை கட்டுன ஒரு அம்மா நடந்து போறாங்க (இந்த மாதிரிப் படங்கள்ல எப்பவும் ஒரு புடவை அம்மா இருப்பாங்க, ஆனா கையில ஒரு காய்கறிப் பை கூட இருக்காது). குரூப்ல ரெண்டு கட்சி. நம்ம அடையாளம் தெரியுது, சூப்பர்னு ஒரு கட்சி. உயரம் ஜாஸ்தி, தேக்காவுக்கு ஒட்டலன்னு இன்னொண்ணு. அது வருதோ வரலையோ, அத விடுங்க. ரெண்டு கட்சியும் அண்ணாந்து பாத்துத்தான் சண்ட போடுறாங்க, என் பிரச்சன அதான்.

நான் ஆர்க்கிடெக்ட் இல்ல. டிராயிங் போடுற ஆளு, கீழ கடை, மேல வீடுன்னு இருக்குற பழைய கடைவீடுங்க ரினொவேஷன் வேலைதான் நிறைய. அந்த அனுபவத்துல சொல்றேன், ஒரு கட்டடம் ஒரு தெருவுக்குப் பொருந்துதா இல்லையான்னு முடிவு பண்றது கீழ்த்தளம்தான். நடக்குறவன் கண்ணு மட்டத்துக்கு மேல என்ன இருக்குன்னு பாதிப் பேரு பாக்குறதே இல்ல.

மேல இருக்குறதுக்கு விதி இருக்கு. தேக்கா இருக்குற லிட்டில் இந்தியாவ 1989 ஜூலை 7ல பழைய கட்டடங்களக் காப்பாத்துற பாதுகாப்பு வட்டாரமா அறிவிச்சாங்க, சைனாடவுன், கம்போங் கிளாம் எல்லாம் அதே நாள்தான். அப்போலேர்ந்து பழைய கடைவீட்டத் தொட்டா கூரை, ஜன்னல், தூண், ரெண்டு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவர்னு ஒவ்வொண்ணுக்கும் நகரத் திட்டத்தப் பாக்குற யூஆர்ஏ கணக்கு வச்சிருக்கு. அந்த வட்டாரத்துக்குள்ள காலி மனையில புதுசா கட்டுனாலும் உயரம், கூரை வடிவம், கடைக்கு முன்னாடி கூரை போட்ட அஞ்சடி நடைபாதைன்னு கட்டுப்பாடு உண்டு. அதனால எவனும் நாளைக்கே அங்க இருக்குற டன்லப் ஸ்திரீட் நடுவுல இருவது மாடி எழுப்பிட முடியாது லா, பயப்படாதீங்க. தகராறு வர்றதெல்லாம் ஓரத்துல, வட்டாரத்துக் கோடு முடிஞ்சு ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய மனை ஆரம்பிக்குற எடத்துல.

அங்க என்ன நடக்குதுன்னா, கடைவீட்டு அகலம் காணாமப் போயிடுது. ஒரு கடைவீடு ஏன் அவ்வளவு ஒடுக்கமா இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? ரெண்டு பக்கச் சுவத்துக்கும் நடுவுல மர உத்தரம் எவ்வளவு நீளம் தாங்குமோ அவ்வளவுதான் அகலம், சுமாரா நாலுலேர்ந்து ஆறு மீட்டர். உத்தரம் போட்ட கணக்குதான், ஆனா அதனாலதான் சிராங்கூன் ரோட்டுல நடந்தா ஏழெட்டு எட்டுக்கு ஒரு வாசல் வருது, நகைக்கடை, பக்கத்துல மசாலா, அதுக்கடுத்து பூக்கடை, அப்புறம் ஃபோன் கார்டு விக்கிறவரு. ஒருத்தரே மூணு வீட்ட வாங்கி உள்ள சேத்துக்கிட்டாலும் நடுச்சுவர இடிக்க முடியாது, வழி மட்டும்தான் வெட்டிக்கலாம், வெளிய மூணு வீடா தெரியணும். இந்த விதிய எழுதுனவங்களுக்கு ஒரு கும்பிடு போடணும். புதுக் கட்டடத்துல இந்த அளவு எங்கயும் கெடையாது, அறுவது மீட்டருக்கு ஒரே கண்ணாடி, ரெண்டே ரெண்டு கதவு, உள்ளேர்ந்து ஏசி காத்து. அதுமேல எத்தன மாங்கா வரைஞ்சு என்ன?

உடனே ஒருத்தர் வருவாரு, தேக்காவுல இருக்குற பெரிய கடை முஸ்தபா மட்டும் சின்னதான்னு. சின்னதில்ல, ராட்சசன். ஆனா அதுக்கு எத்தன கேட் இருக்கு பாருங்க, நம்ம ஆளுங்க ஃபோன்ல "எந்த கேட்ல நிக்குற"ன்னு கேக்குற அளவுக்கு. அழகான கட்டடம்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா தெருவோட பேசுற கட்டடம்.

வண்ணத்த வச்சும் ஏமாறாதீங்க. கெர்பாவ் ரோட்டுல இருக்குற டான் டெங் நியா வீடு, 1900ல கட்டுனது, டூரிஸ்ட் எல்லாம் வானவில் சுவத்து முன்னாடி நின்னு லிட்டில் இந்தியான்னு போஸ்ட் போடுறாங்க. அது ஒரு சீன வியாபாரி வீடு, அந்தக் கலர் எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது. அது வேண்டாம்னு சொல்லல, பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்ப டெவலப்பருங்களுக்கு அதுவே சாக்காப் போச்சு, நாலு கலர் அடிச்சுட்டா "சுற்றுப்புறத்தோட இணக்கமானது"ன்னு ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதிடலாம். எதிர்ப்பக்கம் கேம்பல் லேன்ல இந்திய மரபுடைமை நிலையம் 2015ல திறந்தாங்க, முழுக்க நவீனக் கட்டடம், வட இந்தியப் படிக்கிணறு யோசனையில பண்ணது, கடைவீடு மாதிரி நடிக்கவே இல்ல. இருந்தாலும் ஒட்டிக்கிட்டுதா இல்லையா? நாலு மாடியோட நின்னுச்சு, தெருக்கோட்ட விட்டுக்கொடுக்கல, அவ்வளவுதான்.

இப்ப யாரும் பேசாத ரெண்டு விஷயம். ஒண்ணு, தரை மட்டம். வெள்ளம் வராம இருக்க புதுக் கட்டடத்தோட தரைய ரோட்டவிட ஒசத்தணும்னு விதி, அது தேவையான விதிதான், ஆனா பக்கத்துல இருக்குற பழைய அஞ்சடிப் பாதை கீழயே கெடக்கும். அப்ப ரெண்டுக்கும் நடுவுல நாலு படி, ஒரு ரேம்ப், ஒரு கைப்பிடி, ஒரு பூத்தொட்டி. அப்புறம் எங்க தொடர்ச்சியான நடைபாதை? வெயில் படாம, மழையில நனையாம நடக்கணும்னு நவீன சிங்கப்பூர ஆரம்பிச்ச ராஃபிள்ஸ் 1822லயே எழுதி வச்ச விஷயம் இது, முட்டிவலிக்காரங்க அந்தப் படியில ஏறி எறங்கி ஏறி எறங்கி கடைசியா ரோட்டுலயே நடந்துடுவாங்க. நல்ல டிசைனருன்னா நடைபாதைய பழைய மட்டத்துலயே விட்டுட்டு, படிய கடைக்கு உள்ள கொண்டுபோவாரு. எடம் போகும், வாடகை கொறையும், அதான் செய்ய மாட்டேங்குறாங்க.

இன்னொண்ணு, கரண்டுக்கு சப்ஸ்டேஷன், தீ விபத்து வந்தா நின்னு கட்டுப்படுத்துற ஃபயர் கமாண்ட் ரூம், குப்பை ரூம், கார் பார்க் ரேம்ப். இதெல்லாம் கீழ்த்தளத்துலதான் வந்து உக்காரும், அதுல பாதி ரோட்டப் பாத்து உக்காரும். அந்த அழகான படத்துல இது எதுவும் தெரியாது, கோணத்தப் பாத்துத்தான் எடுத்திருப்பாங்க. கட்டி முடிச்சப்புறம் பக்கத்துத் தெருவுல போய்ப் பாத்தா நீளமா சாம்பல் கலர்ல காத்துப் போற சட்டம் வச்ச லூவர் கதவு, அத ஒட்டி எந்தக் கடையும் பொழைக்காது, சாயங்காலம் ஏழு மணிக்கே இருட்டு.

செலவு ஆகும்ணே, சின்னச் சின்ன கடையா பிரிச்சா வாடகைக்கு ஆள் புடிக்கிறதே பெரும்பாடுன்னு ஒரு டெவலப்பர் ஆபீஸ் தம்பி என்கிட்ட சொன்னான். நியாயம்தான், ஒரே சூப்பர்மார்க்கெட்டுக்குக் குடுத்துட்டா தலைவலி கெடையாது. சரி, சூப்பர்மார்க்கெட்ட பின்னாடியோ பேஸ்மெண்ட்லயோ வைங்க, ரோட்டப் பாத்த எட்டு மீட்டர் ஆழத்த மட்டும் சின்னக் கடைங்களுக்கு விடுங்க. பூ கட்டுறவங்களுக்கு அதுக்கு மேல எதுக்கு எடம்?

அதனால அடுத்த தடவ குரூப்ல யாராவது முகப்புப் படம் அனுப்புனா லைக் போடாதீங்க. கீழ்த்தள பிளான் கேளுங்க, பக்கத்துக் கடைவீடு நாலஞ்சையும் சேத்து வரைஞ்ச எலிவேஷன், அதாவது தெருவுலேர்ந்து பாத்தா தெரியுற முகப்பு டிராயிங் கேளுங்க, அதுல வாசல எண்ணுங்க. இருந்தா எனக்கும் அனுப்புங்க, உக்காந்து பாப்போம்.